"என்னையப் பாத்துட்டேதானுங்களே வந்தீங்க?"

பதினெட்டு வருடம் பைக் ஓட்டியவன் நான். பம்பு செட்டு உதிரிபாகம் விற்கும் வேலை. கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, அவிநாசி, சத்தியமங்கலம் என்று ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஸ்ப்ளெண்டரிலேயே சுற்றுவேன். அந்தப் பதினெட்டு வருடத்தில் கார்க்காரர்களைத் திட்டாமல் வீடு திரும்பிய நாள் குறைவு. இண்டிகேட்டர் போடாமல் திரும்புவார்கள், நடுரோட்டில் கதவைத் திறப்பார்கள், எதிரே பைக் வந்தால் ரோடே காலியாக இருப்பது போல் ஏறி வருவார்கள். "ஏசியில உக்காந்தா இவனுகளுக்குக் கண்ணு தெரியாது" என்பது எங்கள் டீக்கடையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை.

2021 கடைசியில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். நான் அவர்களைப் போல் ஓட்ட மாட்டேன் என்று மனதார நம்பினேன். பைக்கில் அடிபட்டு மிதிபட்டு வந்தவனுக்குத்தானே பைக்காரன் பாடு தெரியும்?

ஆறாவது மாதம் ஒருவரை இடித்தேன்.

ஆர்.எஸ்.புரத்தில் குறுக்குத் தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி ஒன்றையொன்று வெட்டிப் போகும். பல முக்குகளில் சிக்னல் கிடையாது, அவரவர் பார்த்துப் போக வேண்டியதுதான். காலை ஒன்பதே கால் இருக்கும். முப்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன். முக்கு நெருங்கியதும் வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன், மறுபடி வலது பக்கம் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அப்படியே போனேன். திடீரென்று வலது முன்மூலையில் ஏதோ நிழல் மாதிரி முளைத்தது. பிரேக்கை மிதித்துவிட்டேன், இருந்தாலும் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டுவிட்டது.

டிவிஎஸ் எக்ஸ்எல். முன்னால் கால் வைக்கும் இடத்தில் பெரிய துணி மூட்டை. இஸ்திரி போட்ட துணிகளை வீடு வீடாகக் கொடுக்கப் போகிற பெரியவர். மூட்டை அவிழ்ந்து துணியெல்லாம் ரோட்டில் கிடந்தது. வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைகள், மடிப்புக்கூடக் கலையாமல், சீட்டுக்கட்டை விரித்த மாதிரி. ஒரு சட்டையின் கை என் முன் டயருக்கு அடியில் மாட்டியிருந்தது.

வண்டிக்கு அடியில் சிக்கியிருந்த அவர் காலை இரண்டு பேர் சேர்ந்து எடுத்துவிட்டோம். திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "ஏனுங்க தம்பி, என்னையப் பாத்துட்டேதானுங்களே வந்தீங்க? நேரா எம்மூஞ்சியத்தான் பாத்தீங்க. நின்னுருவீங்கன்னுதான நான் வந்தேன்?"

நான் அவரைப் பார்க்கவே இல்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யும் இல்லை. இரண்டு முறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேனே!

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, கணுக்காலில் நல்ல சுளுக்கு, பத்து நாள் நடக்கக் கூடாது. அவருக்குக் காலைவிடத் துணியைப் பற்றித்தான் கவலை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக எடுத்து, "இந்த நீலக் கட்டம் டாக்டரம்மா வூட்டுது, இந்த ரெண்டு வேட்டியும் மாடி வூட்டு ஐயாவுது" என்று பிரித்துக் கொடுத்தார். அழுக்கானதைத் துவைத்து, வேறொருவரிடம் இஸ்திரி போட்டு, சாயங்காலம் நானே வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். மூன்றாவது வீட்டில் "புது ஆளா?" என்றார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். நம் வண்டியால் ஒருவர் அடிபட்டால் அவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டியவரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்கிறது. பெரிய அடி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், உச்சவரம்புக்கு உட்பட்டு, முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. பணத்துக்குப் பயந்து யாரும் தாமதிக்க வேண்டியதில்லை.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெரு காலியாக இருந்த நேரத்தில் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, மனைவியை ஆக்டிவாவை எடுத்துக்கொண்டு ஐம்பது அடி தள்ளி, எனக்கு முன்னால் சற்று வலப்பக்கமாக நிற்கச் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் வலது பக்கம் போ... இன்னும் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் அவளைக் காணவில்லை. வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. முன் கண்ணாடிக்கும் கதவுக் கண்ணாடிக்கும் நடுவில் கூரையைத் தாங்கிக்கொண்டு சாய்வாக இறங்கும் தூண் இருக்கிறதே, அதற்குப் பின்னால் முழுசாக மறைந்துவிட்டாள். போதாததற்கு, அதே மூலையில் நான் மொபைல் ஸ்டாண்டு வேறு ஒட்டி வைத்திருந்தேன்.

கார் கவிழ்ந்தாலும் கூரை நசுங்காமல் இருக்கவும், உள்ளே ஏர்பேக்கை வைக்கவும் இந்தத் தூணை இப்போது தடிமனாகச் செய்கிறார்கள். உள்ளே இருப்பவனுக்கு நல்லதுதான். நம் ஊரில் ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்காருவதால் வலது தூண் முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் வந்துவிட்ட ஒரு காரை அந்த அகலத்துக்குப் பின்னால் முழுசாக மறைப்பது கடினம், தலையோ வாலோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே பார்த்து வரும் பைக் என்றால் அளவெடுத்துத் தைத்த மாதிரி உள்ளே அடங்கிவிடும்.

அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு வண்டிகளும் ஒரே இடத்தில் போய் மோதப்போகின்றன என்றால், வேகம் மாறாத வரைக்கும், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது அதே கோணத்தில்தான் தெரிந்துகொண்டிருக்கும். பக்கவாட்டில் நகரவே நகராது. நான் முப்பத்தைந்தில் வந்தேன், பெரியவர் மூட்டையோடு அதில் பாதி வேகத்தில் வந்திருப்பார். காகிதத்தில் வரைந்து பார்த்தேன். அவர் வந்த கோணமும் என் தூண் இருக்கும் கோணமும் ஏறக்குறைய ஒன்று. முக்கு வரும்வரை நான் நகர நகர அவரும் தூணுக்குப் பின்னாலேயே நகர்ந்து வந்திருக்கிறார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் தலையைத் திருப்பி நேராக அவர் முகத்தைப் பார்க்கிறேன். நான் பார்த்ததோ தூணை.

அன்றிலிருந்து முக்கில் நுழையும் முன் இரண்டு காரியம் செய்கிறேன். வேகத்தைக் கண்ணில் படும் அளவுக்குக் குறைப்பேன். என் வேகம் மாறினால் கோணம் மாறும், ஒளிந்திருப்பவர் வெளியே வந்துவிடுவார். இன்னொன்று, ஸ்டீயரிங்கை நோக்கி ஒருமுறை குனிந்து, மறுபடி பின்னால் சாய்ந்து, தூணைச் சுற்றி எட்டிப் பார்ப்பேன். தலையை மட்டும் திருப்பினால் பிரயோஜனமில்லை, உடம்பு நகர வேண்டும். "பூம்பூம் மாடு மாதிரி இருக்கு" என்று மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். மொபைல் ஸ்டாண்டை நடுவில் ஏசி துவாரத்துக்குக் கீழே மாற்றிவிட்டேன். கண்ணாடியில் தொங்கிய பொம்மையையும் எடுத்தாயிற்று.

தூண் மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. நம் கண்ணே நம்மை ஏமாற்றும். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணைப் பாருங்கள். மாற்றி மாற்றிப் பாருங்கள். கண்மணி நகர்வதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் அந்தச் சின்ன நேரத்தில் மூளை பார்வையை அணைத்துவிட்டு, நடுவில் இருப்பதை அதுவாகவே நிரப்பிக்கொள்கிறது. வலது, இடது என்று சடக்கென்று தலையைத் திருப்பும்போது நாம் பார்ப்பது தெருவின் நாலைந்து துண்டுகளைத்தான். மிச்சம் அனுமானம். பஸ் அந்த இடைவெளியில் அடங்காது, பைக் அடங்கும்.

அதனால் இப்போதெல்லாம் பார்வையை வீசுவதில்லை, நிறுத்துகிறேன். பக்கத்தில் ஒரு நொடி, நடுவில் ஒரு நொடி, தூரத்தில் ஒரு நொடி. 'வண்டி வருதா?' என்று கேட்டுக்கொண்டு பார்த்தால் மனது காரையும் பஸ்ஸையும்தான் தேடுகிறது. 'பைக் எங்கே இருக்கு?' என்று கேட்டால் பைக்கைத் தேடுகிறது. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். இரண்டு நாள் செய்து பாருங்கள், இத்தனை பைக் எங்கிருந்து வந்தது என்று தோன்றும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வியாதி இல்லை. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியரின் குழு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நடந்த 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை கொடுத்தது. பைக்கும் இன்னொரு வண்டியும் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த இன்னொரு வண்டிக்காரர் பைக்குக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. அவர்களில் பெரும்பாலோர் சொன்னது, பைக் வந்ததையே பார்க்கவில்லை அல்லது கடைசி நேரத்தில்தான் பார்த்தோம் என்று. நம் நாட்டில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. எல்லாவற்றுக்கும் கார்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஹெல்மெட்டுக்குள் மொபைலைச் செருகிப் பேசிக்கொண்டு எதிர்த்திசையில் வருபவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் அவன் செய்யும் தப்பை என்னால் திருத்த முடியாது. ஸ்டீயரிங் என் கையில் இருக்கிறது.

யு-டர்னில் இன்னொரு ஏமாற்று வித்தை நடக்கும். கோவையில் லட்சுமி மில்ஸ் மாதிரி பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யு-டர்ன் வைத்த பிறகு தினமும் இதைப் பார்க்கிறேன். எதிரே பஸ் வந்தால் எல்லோரும் நிற்கிறார்கள். அதே தூரத்தில் பைக் வந்தால் 'போயிரலாம்' என்று திருப்புகிறார்கள். சின்ன உருவம் நமக்குத் தூரத்தில் இருப்பது போலவும் மெதுவாக வருவது போலவும் தோன்றும். ஐம்பதில் வரும் பைக் நொடிக்கு 14 மீட்டர் வரும். யு-டர்னை முடிக்க நாலு நொடியாவது ஆகும், அதற்குள் அவன் 56 மீட்டர் தாண்டி நம் கதவுக்கே வந்துவிடுவான். அதனால் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் பஸ் வந்தால் திருப்புவேனா? மாட்டேன் என்றால் பைக்குக்கும் மாட்டேன்.

அப்புறம் சைடு மிர்ரர். இடது மிர்ரரை மடக்கி வைத்தே ஓட்டும் கார்களை நம் ஊரில் எத்தனை பார்த்திருப்பீர்கள்! விரித்து வைப்பவர்களும் அதில் பாதி இடத்துக்குத் தங்கள் கார் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். அதே ஞாயிற்றுக்கிழமை ஆக்டிவாவை இடது பின்கதவுக்கு நேராக, ஓர் ஆள் அகலம் தள்ளி நிறுத்திப் பார்த்தோம். உள் கண்ணாடியிலும் இல்லை, இடது மிர்ரரிலும் இல்லை. தீர்வு சுலபம். தலையை வலது ஜன்னல் கண்ணாடியில் முட்டும் அளவுக்குச் சாய்த்துக்கொண்டு, கார் பக்கவாட்டின் ஓரம் லேசாகத் தெரியும் அளவுக்கு வலது மிர்ரரை வெளியே தள்ளுங்கள். பிறகு தலையை காரின் நடுப்பக்கம் கொண்டுபோய் இடது மிர்ரரையும் அதே மாதிரி. நேராக உட்கார்ந்தால் கார் தெரியாது, அடுத்த வரிசை ரோடு தெரியும். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். மறைவிடம் இதனால் குறையும், ஒழியாது. திரும்பும் முன் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்தே ஆக வேண்டும்.

இடது பக்கம் திரும்பும்போது இது உயிர்ப் பிரச்சினை. இடது பக்கமாக நுழைந்து முந்தக் கூடாதுதான். நான் பதினெட்டு வருடம் நுழைந்தவன், எனக்குத் தெரியாதா? கார் மெதுவானால் பைக்காரனுக்கு அது தனக்கு விட்ட வழியாகத்தான் தெரியும். அதனால் திரும்புவதற்கு முப்பது, நாற்பது மீட்டர் முன்பே இண்டிகேட்டர் போட்டு, மெல்ல இடது ஓரத்தை ஒட்டி வந்துவிடுவேன். எனக்கும் ஓரத்துக்கும் நடுவே சந்து இல்லாவிட்டால் யாரும் நுழைய மாட்டார்கள்.

கதவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தோள்பட்டை கோபித்துக்கொள்ளும். பல வருடத்துக்கு முன் காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கால் டாக்ஸியின் பின்கதவு திறந்து அதில் விழுந்தவன் நான். தீபாவளிக் கூட்டம், பத்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. கதவின் விளிம்பு கத்தி மாதிரி, பிரேக் பிடிக்க நேரமே கிடைக்காது. கதவில் இடிபடுவதைவிட, அதைத் தவிர்க்க வண்டியை ஒடித்து, பின்னால் வரும் பஸ்ஸுக்கு முன் விழுவதுதான் ஆபத்து. நெதர்லாந்தில் கதவிலிருந்து தள்ளியிருக்கும் கையால் கதவைத் திறக்கப் பழக்குகிறார்கள். பிரிட்டனும் 2022 ஜனவரியில் தன் சாலை விதிப் புத்தகத்தில் இதைச் சேர்த்தது. நம் ஊரில் ஓட்டுகிறவர் காரின் வலது பக்கத்தில் உட்காருவதால் இடது கையால் கதவைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பி, கண் மிர்ரரையும் பின்னால் வரும் ரோட்டையும் பார்த்துவிடும். ஆனால் ஓட்டுகிறவர் மட்டும் பழகிப் பயனில்லை, ஆபத்து பின் சீட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டில் குழந்தைகள் பக்கம் சைல்டு லாக் போட்டிருக்கிறேன். மாமனார் மாமியார் ஏறினால் "நான் சொன்ன பிறகு இறங்குங்க மாமா" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கார் மட்டுமே ஓட்டி வளர்ந்தவர்களுக்குச் சில விஷயங்கள் தெரிய நியாயமில்லை. பைக்காரன் வேகத்தைக் குறைக்க எப்போதும் பிரேக் பிடிப்பதில்லை, ஆக்சிலேட்டரை விட்டாலே வண்டி மெதுவாகும், பின்விளக்கு எரியாது. சிவப்பு வரவில்லை என்று ஒட்டிக்கொண்டே போனால் அவன் முதுகில் ஏறிவிடுவோம். உங்கள் டயர் உணராமலே தாண்டிப்போகும் ஒரு கைப்பிடி மணல் அவனைக் கீழே தள்ளும். குழி, மழையில் நனைந்த வெள்ளைக் கோடு, குறுக்கே ஓடும் நாய் எல்லாவற்றுக்கும் அவன் சட்டென்று ஒடிப்பான். அது திமிர் இல்லை, வேறு வழியில்லை. ராத்திரியில் கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியில் உங்கள் ஹை பீம் பட்டால் ரோடே வெள்ளையாகிவிடும், அந்த மூன்று நொடி அவன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் எனக்குத் தீராத ஆத்திரம் ஒன்றுண்டு. நீலாம்பூரிலிருந்து மதுக்கரை போகும் பைபாஸ் மாதிரி இருவழி ரோடுகளில், எதிரே பைக் வருவதை நன்றாகப் பார்த்த பிறகும், லாரியை முந்திக்கொண்டு லைட்டை அடித்தபடி நேராக வருவார்கள். இங்கே தூணும் கிடையாது, கண் தாவலும் கிடையாது. 'பைக்தானே, மண்ணில் இறங்கிக்கொள்வான்' என்ற கணக்கு மட்டும்தான். தாரிலிருந்து மண்ணுக்கு அரை அடி பள்ளம் இருக்கும் இடத்தில் அறுபதில் இறங்கச் சொல்கிறோம். எதிரே கார் வந்தால் முந்துவேனா என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

பைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்குகளில் பகலிலும் முகப்பு விளக்கு தானாக எரியும். அப்போதெல்லாம் எதிரே வருபவர்கள் விரலை மடக்கி விரித்து "லைட் எரியுது, லைட் எரியுது" என்று சைகை காட்டுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பகலிலும் லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், யாராவது சைகை காட்டட்டும். கார்க்காரன் உங்கள் முகத்தைப் பார்க்கிறான் என்பதால் உங்களைப் பார்த்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் முன்சக்கரத்தைப் பாருங்கள். அது நின்றால்தான் நின்றான்.

பெரியவர் பத்து நாளில் எக்ஸ்எல்லை எடுத்துவிட்டார். எங்கள் ஆபீசும் இப்போது ஆர்.எஸ்.புரத்துக்கு வந்துவிட்டதால் வாரத்துக்கு ஒருமுறையாவது அதே முக்கில் எதிர்ப்படுகிறோம். நான் முழுசாக நிறுத்திவிடுவேன். அவரும் மூட்டைக்கு மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றி நிற்பார். லைட்டை அடித்தால் நம் ஊரில் 'நான் வர்றேன், நீ நில்லு' என்று அர்த்தம், அது உதவாது. தலையாட்டினாலும் நகர மாட்டார், என் பார்வை மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, "போங்கய்யா" என்று சொன்னால்தான் எக்ஸ்எல் நகரும்.